மெஷினோடு சர்வீஸையும் விற்கப் போகிறீர்களா? முதலில் இதைக் கேளுங்கள்

வணக்கம் நண்பர்களே. மெஷின் செய்து விற்கும் கம்பெனிகள் பல இப்போது சர்வீஸையும் சேர்த்து விற்க நினைக்கின்றன. மாதாமாதம் நிலையான வருமானம் வரும் என்ற ஆசைதான். ஆசை நியாயமானது, ஆனால் மெஷின் பழுதாகும் ரிஸ்க் வாடிக்கையாளரிடமிருந்து உங்கள் கைக்கு மாறுவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

யோசனை பழையது. 1962-லேயே பிரிஸ்டல் சிட்லி என்ற பிரிட்டிஷ் கம்பெனி, தன் வைப்பர் ஜெட் எஞ்சின் பராமரிப்புக்குப் 'பறக்கும் மணிக்கு இவ்வளவு' என்று கட்டணம் வைத்தது. பழுதுபார்ப்பது, பாகம் மாற்றுவது எல்லாம் கம்பெனி பொறுப்பு. பின்னால் அது விமான எஞ்சின் செய்யும் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியோடு இணைந்தது. அந்த முறையும் வளர்ந்தது.

இப்போது யோசியுங்கள். முன்பு ஒரு பாகம் உடைந்தால் ஸ்பேர் விற்றுக் காசு வரும். இந்த முறையில் அதே உடைசல் உங்களுக்குச் செலவு. ரோல்ஸ் ராய்ஸின் ட்ரென்ட் 1000 எஞ்சினில் பிளேடுகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கெட்டதால், 2018-இல் போயிங் 787 விமானங்கள் பல தரையில் நின்றன. செலவின் பெரும்பங்கு கம்பெனி தலையில் விழுந்தது. 2020-இல் கொரோனா வந்து விமானங்கள் பறக்காமல் போனபோது மணிக்கணக்கு வருமானமும் சரிந்தது. அதற்கு எஞ்சின் காரணமே இல்லை! வாடிக்கையாளரின் தொழில் படுத்தால் உங்கள் தொழிலும் கூடவே படுக்கும்.

அப்புறம் கையில் பணம். விற்ற அன்றே மொத்தமாக வந்த தொகை இனி வருடக்கணக்கில் பிரிந்து வரும். மெஷின் செய்யும் செலவோ இன்றைக்கே.

விற்பனை ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மெஷின் விற்றால்தான் கமிஷன் என்று வைத்துவிட்டு, 'ஏன் சர்வீஸ் ஒப்பந்தம் பிடிக்கவில்லை' என்று அவர்களைத் திட்டுவது அநியாயம். கமிஷன் முறையை மாற்றாமல் எதுவும் நடக்காது. டிசைன் பிரிவுக்கும் இதே பிரச்சினைதான்: செய்யும் செலவைக் குறைத்தால் பாராட்டு, ஆனால் பத்து வருடம் உழைக்கும் பாகத்தைக் கொடுத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை.

சரி, எங்கே தொடங்கலாம்? ஒப்பந்தத்துக்கு விலை போடும் முன் உங்கள் சர்வீஸ் டெக்னீஷியன்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்த பேரிங் எத்தனை மணி நேரத்தில் போகும், எந்த வாடிக்கையாளர் மெஷினை அளவுக்கு மீறி ஓட்டுகிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு விலை போடுங்கள்.