வாரம் ஒரு மணி நேரத்தில் பராமரிக்கக்கூடிய தோட்டம்: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொண்டு, சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். மறைமலைநகர் அருகே புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருக்கும் ஒரு நேயர் எழுதியிருக்கிறார். கிழக்கு பார்த்த வீடு. முன்பக்கம் ஏறக்குறைய 400 சதுர அடி காலியாக இருக்கிறது. தெற்கே ஐந்தடி அகலத்தில் ஒரு சந்தும் வடக்கே மூன்றடிச் சந்தும் உண்டு. கணவன், மனைவி இருவருமே வேலைக்குச் செல்பவர்கள். இதுவரை அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்ததால் செடி வளர்த்துப் பழக்கமில்லை. நர்சரியில் விசாரித்தபோது, முன்பக்கம் முழுவதும் கொரியன் புல் பதித்து, சுற்றுச்சுவர் ஓரமாகக் கோனோகார்பஸ் வேலி வைத்து, இடையிடையே பலவகை அலங்காரச் செடிகள் நட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்களால் ஒதுக்க முடியாது. பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும். என்ன செய்யலாம்?" என்பது அவர் கேள்வி.

வாரம் ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். ஆனால் அது போதுமா, போதாதா என்பதை நீங்கள் வாங்கும் செடிகளைவிடத் தரையை எதைக் கொண்டு மூடுகிறீர்கள் என்பதே தீர்மானிக்கும். தோட்டவேலை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி களை எடுப்பதும் தண்ணீர் ஊற்றுவதும்தான். இரண்டுமே வெயில் படும் வெற்று மண்ணால் வரும் வேலைகள். மண் மூடியிருந்தால் களை விதைகளுக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை, ஈரமும் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே முதலில் தரையைப் பற்றிப் பேசிவிட்டுப் பிறகு செடிகளுக்கு வருகிறேன்.

புல்தரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொரியன் புல்லை அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை என்று நர்சரிக்காரர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது மெதுவாகப் பரவுகிற புல் என்பதால், இடைவெளிகளில் முளைக்கும் கோரையைக் கையால்தான் பிடுங்க வேண்டியிருக்கும். கோரையின் கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால், மேலே பிடுங்கினாலும் சில நாட்களில் திரும்ப வந்துவிடும். தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். 400 சதுர அடி என்பது ஏறக்குறைய 37 சதுர மீட்டர். அப்படியானால் தினமும் 180 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும், அதுவும் கோடையில் பல வீடுகள் லாரித் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் நாட்களில்.

உட்காரவும் குழந்தைகள் விளையாடவும் கொஞ்சம் பசுமையான தரை வேண்டுமென்றால், அந்த இடத்தில் மட்டும் பொடுதலையை வளர்க்கலாம். வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானாகப் படர்ந்திருக்கும் நம்முடைய மூலிகைதான் அது. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவதற்காகப் பல வீடுகளில் பறித்து வருவார்கள். ஓரத்தில் பல் பல்லாக வெட்டுப்பட்ட சிறிய இலைகளும், சின்னஞ்சிறு திப்பிலியைப் போன்ற தலையைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் பூக்களும் அதன் அடையாளம். கொடி தரையைத் தொடும் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடுவதால், விரலளவு துண்டுகளாக நறுக்கி, ஓரடிக்கு ஒன்றாக, இரண்டு கணுக்களாவது மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றினால் மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதங்களில் தரையை மூடிவிடும். மிதித்தால் தாங்கும். கோடையில் வாடிப் பழுப்பாகத் தெரிந்தாலும் மழை பட்டதும் துளிர்க்கும். பூக்களுக்குத் தேனீக்கள் வரும் என்பதால், குழந்தைகள் வெறுங்காலுடன் ஓடும் நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். இது எல்லை தாண்டிப் படரும் இயல்புள்ளது. சுற்றிலும் ஒரு வரிசை செங்கலைப் பாதி புதைத்து வைத்தால் கட்டுக்குள் இருக்கும்.

உங்கள் 400 சதுர அடியில் நூறு சதுர அடிக்குப் பொடுதலை போதும். இன்னொரு நூறு சதுர அடி நடைபாதைக்குப் போகட்டும். அங்கே கருங்கல் பலகைகளை மண்ணில் பதித்து இடைவெளி விட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். முழுவதும் பேவர் பிளாக் போட்டு மூடிவிட வேண்டாம்; வெயிலில் அது உள்வாங்கும் சூடு இரவு நெடுநேரம் வரை வீட்டு வாசலில் தெரியும். மீதி 200 சதுர அடியைச் செடிப் பாத்தியாக்கி, அதன்மேல் மூன்று அங்குல உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள். காய்ந்த இலைகள், துண்டாக்கிய தென்னை ஓலை, கரும்புச் சோகை, தேங்காய் மட்டைத் துண்டுகள், எது கிடைத்தாலும் நல்லதுதான். செடியின் தண்டைத் தொடாமல் நான்கு விரற்கடை தள்ளியும், கரையான் ஏறாமலிருக்க வீட்டுச் சுவரிலிருந்து ஓரடி தள்ளியும் போட வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அதன்மேல் வெள்ளைக் கூழாங்கல் கொட்டும் முறை இப்போது பரவலாகி வருகிறது. ஒன்றிரண்டு ஆண்டுகளில் கற்களுக்கிடையே புழுதி படிந்து, அந்தப் புழுதியிலேயே களை முளைக்கும். அப்போது களையையும் எடுக்க முடியாது, கல்லையும் அள்ள முடியாது. மூடாக்கு மக்கி மண்ணுக்கே உரமாகும். ஆண்டுக்கு இருமுறை மேலே கொட்டினால் போதும்.

அடுத்தது மண். புதிதாகக் கட்டிய வீட்டில் இதைச் சொல்லாமல் விட முடியாது. சிமென்ட் கலவையும் ஜல்லியும் டைல்ஸ் துண்டுகளும் சுண்ணாம்பும் பெரும்பாலும் வீட்டைச் சுற்றித்தான் புதைந்து கிடக்கும். மேலே ஒரு லோடு செம்மண் பரப்பிவிட்டுச் செடி நட்டால், வேர் கீழே இறங்கியதும் தொல்லை தொடங்கும். இட்லிப்பூச் செடியில் இதை முதலில் காணலாம். புதிதாக வரும் இலை மஞ்சளாக இருக்கும், ஆனால் அதன் நரம்புகள் மட்டும் கோடு போட்டாற்போலப் பச்சையாகவே இருக்கும். பலர் இதைத் தண்ணீர்க் குறைவு என்றெண்ணி மேலும் மேலும் ஊற்றுகிறார்கள். சுண்ணாம்புத் தன்மை கூடிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாததே காரணம். ஆகவே செடி வைக்கும் இடங்களில் மட்டுமாவது ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி எடுத்து, கட்டட இடிபாடுகளை முழுவதும் அகற்றிவிட்டு, செம்மண்ணுடன் நன்கு மக்கிய தொழுவுரத்தையும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கையும் கலந்து நிரப்புங்கள். கூலி கொடுத்து ஆள் வைத்துச் செய்யத் தகுந்த வேலை இது ஒன்றுதான்.

இனிச் செடிகள். பார்த்ததில் எல்லாம் ஒவ்வொன்று வாங்கி வருவது புதிதாகத் தொடங்குபவர்களின் இயல்பு. இருபது வகைச் செடி என்றால் இருபது வகையான தேவை. நான்கைந்து வகைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு செடிகளைக் கூட்டமாக நடுங்கள். கண்ணுக்கும் அதுவே நிறைவாக இருக்கும். காலை வெயில் கிடைக்கும் உங்கள் முன்பக்கத்துக்கு இட்லிப்பூ, நந்தியாவட்டை, பழைய ஒற்றையடுக்குச் சிவப்புச் செம்பருத்தி ஆகிய மூன்றும் போதும். பல வண்ண ஒட்டுரகச் செம்பருத்திகள் அழகாக இருந்தாலும் மாவுப்பூச்சிக்கு விரைவில் ஆளாகின்றன. முன்வரிசையில் நித்தியகல்யாணியை ஒருமுறை நட்டுவிட்டால் அதன் விதையே விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும். செடி வாங்கும்போது அது முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று கேட்டு, அந்த இடைவெளியை இப்போதே விட்டுவிடுங்கள். நெருக்கி நட்டு அழகு பார்ப்பவர்கள் பிறகு மாதந்தோறும் கத்தரியுடன் நிற்க வேண்டியிருக்கும். அரளியும் வறட்சியைத் தாங்கும் செடிதான், ஆனால் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதை நான் சொல்வதில்லை.

தெற்குச் சந்தில் வெயில் அதிகம் என்றால் சுற்றுச்சுவரை ஒட்டி இரண்டு காகிதப்பூச் செடிகள் வைக்கலாம். வேர் பிடித்த பிறகு அதற்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூக்கும். நிறைய ஊற்றினால் இலையாக வளரும். வடக்குச் சந்தைப் பற்றி ஒரு செய்தி. வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நினைத்து நிழல் செடிகளையே வைத்துவிடுகிறார்கள். நம் பகுதியில் சித்திரை பத்து வாக்கிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை சூரியன் நண்பகலிலும் சற்று வடக்கே சாய்ந்தே இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்காவிட்டால், கடுங்கோடையில்தான் அந்தச் சந்தில் வெயில் விழும். அதனால் வெயில், நிழல் இரண்டையும் பொறுக்கும் மருள் செடியை (நர்சரியில் ஸ்நேக் பிளான்ட் என்பார்கள்) அங்கே வரிசையாக வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை தண்ணீர் மறந்தாலும் அது சாகாது.

கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். வேகமாக வளர்ந்து பச்சைச் சுவர் போல நிற்கும் என்பதற்காகத்தான் விற்கிறார்கள். அதன் வேர் தண்ணீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் தேடிச் செல்லும். குஜராத் அரசு 2023-இல் அதை நடுவதற்கே தடை விதித்தது. வேலி தேவையென்றால் நொச்சி வையுங்கள். ஆடு மாடு கடிக்காது, ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டினால் போதும், வெட்டிய தழை மூடாக்குக்கு ஆகும்.

மரம் ஒன்றே ஒன்று. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சிறிய மனையில் பெரிதாகும் மரத்தை வைப்பது உங்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் கவலை. பவழமல்லி ஏற்றது, அளவாக வளரும், காலையில் தரை நிறையப் பூ உதிரும். சுவர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் மூன்றிலிருந்தும் குறைந்தது எட்டடி தள்ளி வையுங்கள். முருங்கை வேண்டுமென்று பலர் கேட்பார்கள். அது காற்றில் எளிதில் முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். வாசலருகே வைக்கத் தக்க மரமல்ல.

எப்போது நடுவது என்பதில்தான் பாதி வேலை மிச்சமாகும். நம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசியும் கார்த்திகையும் உங்களுக்காகத் தண்ணீர் ஊற்றிவிடும். மாசிக்குள் வேர் ஆழமாக இறங்கியிருக்கும். பங்குனியில் நட்ட செடியைக் காப்பாற்றத் தினமும் இருவேளை நிற்க வேண்டும். முதல் கோடையை மட்டும் சிரமம் பார்க்காமல் கடந்துவிடுங்கள். வாரத்துக்கு இருமுறை, மேலோட்டமாகத் தெளிக்காமல், ஓரடி ஆழம் நனையும்படி ஊற்ற வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் சொட்டுநீர்க் குழாய் போடுவது நல்லது. 16 மில்லிமீட்டர் குழாயில், செடிக்கு இரண்டாக, மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான்களைப் பொருத்தி, குழாய் முனையில் டைமர் வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் செடிக்கு 8 லிட்டர் சேரும். இரண்டாம் கோடையில் அதைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

ஏசியிலிருந்து வடியும் தண்ணீரில் உப்பு கிடையாது. குழாயைத் திருப்பி இட்லிப்பூப் பாத்திக்கு விடலாம். துணி துவைத்த தண்ணீரை அங்கே விடாமல் தெற்குச் சந்தின் கடைசியில் கல்வாழை வைத்து அதற்கு விடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் குழி இருக்கும். அது நிரம்பி வழியும் தண்ணீர் தெருவுக்கு ஓடாமல் செடிப் பாத்தி வழியாகச் செல்லும்படி ஒரு சிறு வாய்க்கால் எடுத்தால் போதும்.

உரத்துக்கு, ஆடியிலும் தையிலும் செடிக்கு இரண்டு கை தொழுவுரம். மாவுப்பூச்சி தெரிந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்; அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். அந்த வாராந்தர ஒரு மணி நேரத்தை, களை பூப்பதற்கு முன்பே பிடுங்குவதற்கும், சொட்டுவான் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும், தொட்டித் தட்டுகளில் தேங்கிய தண்ணீரைக் கொசு வராமல் கவிழ்ப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பவழமல்லிக்கான இடத்தை மட்டும் இப்போதே முடிவு செய்ய வேண்டாம். வருகிற ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து மறுநாளும் முன்பக்கத்தில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, எந்த இடத்தை மேடாக்க வேண்டும், மரத்தை எங்கே வைக்கலாம் என்று அடுத்த காணொளியில் சொல்கிறேன்.