சக்கை தீருது, கொப்பரை கொதிக்கல: ஆலை அடுப்புல சூடு எங்க போகுது?

[காட்சி: ஆலைக்கொட்டாய். கொப்பரை நிறையக் கரும்புப்பால், ஓரத்தில் மட்டும் லேசான கொதி. எரி போடுபவர் சக்கையை அள்ளி அள்ளி அடுப்பு வாயில் தள்ளுகிறார். புகைக்கூண்டில் கரும்புகை.]

வணக்கமுங்க. கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச்சர்க்கரை காச்சறவங்க, சித்தோடு, பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வெல்லம் போடறவங்க எல்லாருக்கும் பழகின காட்சி இது. அடுப்பு எரியுது, ஆட்டின கரும்புச் சக்கைக் குவியல், அதான் சக்கைப் போர், கரையுது, கொப்பரை மட்டும் கொதிக்க மாட்டேங்குது. உடனே என்ன பண்றோம்? இன்னும் ரெண்டு கை சக்கை சேத்துப் போடறோம். பாதி அடுப்பு கெடறது அங்கதான்.

இது சக்கைச் செலவோட முடியற விஷயமில்லீங்க. கரும்புப்பால், அதாவது சாறு, அடுப்புல எவ்வளவு நேரம் கூட நிக்குதோ, அவ்வளவுக்கு அதுல இருக்கற சர்க்கரை உடையும், நிறம் கறுக்கும், கடைசியில பொடி மணல் மாதிரி உதிராம பிசுபிசுன்னு நிக்கும். கறுத்ததை வெளுக்க ஹைட்ரோஸ்ங்கற கந்தக ரசாயனம் போடற வேலை இங்கிருந்துதான் ஆரம்பிக்குது. அதுனால வெல்லத்துல சேர்ற சல்பர் டை ஆக்சைடு 70 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல 70 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. பஞ்சாமிர்தத்துக்குப் போற சர்க்கரைக்கு அந்த வேலை வேண்டவே வேண்டாம். அடுப்பைச் சரி பண்ணுங்க, நிறம் தானா வரும்.

[காட்சி: கரும்பலகையில் கணக்கு எழுதப்படுகிறது.]

முதல்ல ஒரு கணக்கு. 1 டன் கரும்பு ஆட்டினா 600 கிலோ பால் வருதுன்னு வெச்சுக்கலாம். மீதி 400 கிலோ ஈரச் சக்கை. அதைக் காயப்போட்டா 220 கிலோ. 1 கிலோ காஞ்ச சக்கையில ஏறக்குறைய 15 மெகாஜூல் சூடு இருக்கு, ஆகமொத்தம் 3,300. பால் பக்கம் பாருங்க. 600 கிலோவைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 160, அதுலிருந்து 490 கிலோ தண்ணியை ஆவியாக்க 1,100. கூட்டினா 1,260 மெகாஜூல்.

அதாவது சக்கையில இருக்கற சூட்டுல நூத்துக்கு 40 பங்கு கொப்பரைக்குள்ள போனாப் போதும், வெளியில இருந்து ஒரு குச்சி விறகு வாங்க வேண்டியதில்ல. ஒத்தைக் கொப்பரை அடுப்புல பெரும்பாலும் கால் பங்கு கூட ஏறறதில்லீங்க. மீதியெல்லாம் புகைக்கூண்டு வழியா வானத்துக்குத்தான். அதனால "சூடு பத்தல"ன்னா சூடே இல்லைன்னு அர்த்தமில்ல. எந்த ஓட்டையில போகுதுன்னு தேடோணும்.

[காட்சி: பாலின் இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டுப் பால்.]

அடுப்பைத் திட்டறதுக்கு முன்னாடி பாலைப் பாருங்க. 20 பிரிக்ஸ் பால்ல, அதாவது 100 கிலோவுல 20 கிலோ இனிப்பு கரைஞ்சிருக்கற பால்ல, 100 கிலோ சர்க்கரை எடுக்க 350 கிலோ தண்ணி ஆவியாகோணும். அதே 100 கிலோவுக்கு 16 பிரிக்ஸ் பால்னா 460 கிலோ. மூணுல ஒரு பங்கு கூடுதல் வேலை. முத்தாத கரும்பு, வெட்டறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் கீழ்பவானி வாய்க்கால் தண்ணி பாஞ்ச கரும்பு, இதெல்லாம் வந்தா நேத்து ஒழுங்கா எரிஞ்ச அடுப்பு இன்னைக்கு சோம்பேறி ஆகாதுங்க, வேலைதான் கூடிப்போச்சு. இன்னொண்ணு: வெண்டைத்தண்டுச் சாறு ஊத்தி அழுக்கு எடுக்கற நேரத்துல தீ மெதுவாத்தான் இருக்கோணும். அந்தக் கட்டத்துல கொதி வரலைன்னு கவலைப்படாதீங்க.

பிரிக்ஸ் சரியா இருக்கா? அப்ப சக்கைக்கு வாங்க. பெரும்பாலான ஆலையில குத்தம் இங்கயே பிடிபட்டுடும்.

[காட்சி: களத்தில் பரப்பிய சக்கை. தராசில் 1 கிலோ நிறுக்கப்படுகிறது.]

ஆலையில இருந்து வர்ற சக்கையில பாதி எடை தண்ணி. அதை அப்படியே போட்டா 1 கிலோவுக்கு 7 மெகாஜூல் சொச்சம்தான் கிடைக்கும், காஞ்சதுல பாதி. அது மட்டுமில்ல, அந்தத் தண்ணி ஆவியாகறப்ப நெருப்பையே குளிர வைக்கும். நெருப்பு குளிர்ந்தா சக்கையில இருந்து கிளம்பற வாயு எரியாம புகையா வெளிய போகும். ஒரே ஈரம், ரெண்டு நட்டம்.

சோதனை லேசு. போர்ல மேல இருந்து எடுக்காதீங்க, கையை உள்ள விட்டு நடுவுல இருந்து 1 கிலோ எடுங்க. ஒரு தகரத்துல பரப்பி அடுப்பு ஓரத்துச் சூட்டுல வெச்சு, அப்பப்ப நிறுத்துப் பாருங்க. எடை இதுக்கு மேல குறையலைங்கற வரைக்கும் விடுங்க. 900 கிராம் நின்னா அருமை. 850 பரவால்ல. 750ன்னா அந்தப் போர் இன்னும் அடுப்புக்கு ஆகாது.

களத்துல ரெண்டு மூணு அங்குலத்துக்கு மேல கனமாப் பரப்ப வேண்டாம். காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா கிளறிவிட்டா மாசி, பங்குனி வெயிலுக்கு ரெண்டு மூணு நாள்ல காஞ்சுடும். சிக்கல் வர்றது ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும். மழை, அப்புறம் பனி. பொங்கல் வெல்லத்துக்கு ஆலை ஓயாம ஓடறதும் அப்பத்தான். சாயங்காலம் அஞ்சு மணிக்கே குவிச்சுத் தார்ப்பாய் போட்டுடுங்க. பரப்பினது பரப்பினபடி விட்டா பகல்ல போன ஈரம் ராத்திரி திரும்பி வந்துடும்.

ஈரச் சக்கையை எரிய வைக்க டயர் துண்டு, திருப்பூர்ல இருந்து வர்ற பனியன் வேஸ்ட் போடற பழக்கம் சில இடத்துல இருக்கு. டயர் புகையில கந்தகம், அதோட கொப்பரை அடியில தார் மாதிரி கரி ஏறும். பனியன் வேஸ்ட்ல பாலியஸ்டர் கலந்திருந்தா உருகி, எரியற சக்கையைத் தாங்கற அடுப்புக் கம்பியில ஒட்டிக் காத்து வழியை அடைக்கும். ஒரு மணி நேரம் தீ கிளம்பும், மறுநாள் அடுப்பு இன்னும் மோசமாகும். சட்டப்படியும் தப்பு, திங்கற பொருளுக்கும் ஆகாது.

[காட்சி: புகைக்கூண்டு உச்சி. மூன்று வகைப் புகை அடுத்தடுத்து.]

வெளிய வந்து புகைக்கூண்டை அண்ணாந்து பாருங்க. கெட்டியான வெள்ளைப் புகை வந்தா சக்கை ஈரம். கரும்புகை வந்தா, ஒண்ணு காத்து பத்தல, இல்ல ஒரே தடவையில சக்கையை அளவுக்கு மேல தள்ளறாங்க. புகையே இல்லாம உச்சியில காத்து மட்டும் அலை அலையா நெளிஞ்சா எரியறது நல்லாத்தான் எரியுது. சூடு கொப்பரையில நிக்காம ஓடுது.

கரும்புகையைக் கொஞ்சம் விளக்கோணும். சக்கையில முக்கால் பங்குக்கு மேல வாயுவாகித்தான் எரியும், கரியா எரியறது கொஞ்சம். அந்த வாயு கம்பிக்கு மேல, காலி இடத்துல, காத்தோட கலந்து எரியோணும். ஒரு கூடைச் சக்கையை ஒரேயடியாத் தள்ளினா அத்தனையும் ஒரே நிமிஷத்துல வாயுவாகும், அதுக்கு வேண்டிய காத்து இருக்காது, எரியாமயே ஓடிப்போகும். குளிர் நாட்டு வீடுகள்ல வெக்கற இரும்பு அடுப்பு சிலதுல, இந்தப் புகையை எரிக்கறதுக்குன்னே பிளாட்டினம், பல்லேடியம் பூசின வினையூக்கித் துண்டு ஒண்ணு இருக்கும். 260 டிகிரி வாக்குல சூடானதும் அதுவே புகையை எரிச்சுச் சூடாக்கும். நம்ம ஆலை அடுப்புல அப்படி எதுவும் கிடையாது. செங்கல் சுவர் செக்கச்செவேல்னு இருந்தாத்தான் வாயு எரியும்.

அதனால ஒரு கை சக்கை, உதிரியா, அடிக்கடி. போட்டது கொழுந்துவிட்டு அடங்கற நேரத்துல அடுத்த கை. போட்டதும் வாய் மூடியைச் சாத்திடோணும். வாய் அகலமாத் திறந்தே கிடந்தா கம்பிக்கு அடியில வரவேண்டிய காத்து மேலாக வந்து, தீயைத் தொடாம நேரா கூண்டுக்குப் போய், போற வழியில கொப்பரை அடியையும் குளிரவெச்சுட்டுப் போகும். காத்து குறைஞ்சாலும் நட்டம், கூடினாலும் நட்டம்.

[காட்சி: சாம்பல் குழி. கம்பிகளுக்கு இடையில் கிட்டம்.]

கீழ குனிஞ்சு சாம்பல் குழியைப் பாருங்க. கம்பி இடுக்கு வழியாத் தீ வெளிச்சம் கோடு கோடாத் தெரியோணும். இருட்டா இருந்தா அடைப்பு. கரும்போட வந்த மண்ணும் சாம்பலும் உருகிக் கட்டிபட்ட கிட்டம் அது. ஒவ்வொரு கொப்பரை இறக்கினதும் கொக்கியால இழுத்து உடைச்சு எடுங்க. குழியில சாம்பல் கம்பியைத் தொடற அளவுக்கு ஏறவிட்டா, கீழ இருந்து வர்ற குளிர்ந்த காத்து படாம வார்ப்புக் கம்பியே வளைஞ்சு தொங்கிடும். தொங்கின கம்பிக்கு வைத்தியம் இல்ல, மாத்தித்தான் ஆகோணும்.

[காட்சி: ஊதுபத்திப் புகை சுவர் விரிசலுக்குள் இழுபடுகிறது.]

அடுத்தது ஓட்டை. தீ நல்லா எரியறப்ப ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கொப்பரை விளிம்பைச் சுத்தியும், அடுப்புச் சுவரும் புகைக்கூண்டும் சேர்ற மூலையிலயும் மெதுவா நகத்துங்க. புகை உள்ள இழுபடற இடமெல்லாம் விரிசல். கூண்டோட அடியில இருக்கற விரிசல்தான் மோசம். கூண்டு அடுப்புல இருந்து இழுக்கறதை விட்டுட்டு வெளிக்காத்தை இழுத்துட்டு நிக்கும். செம்மண்ணோட சக்கைத்தூள் பிசைஞ்சு அப்புங்க. தீ நேரா படற இடத்துல தீச்செங்கல்லும் தீக்களிமண்ணும்தான் நிக்கும். சாதா சிமெண்ட் 400, 500 டிகிரியில உள்ளுக்குள்ளயே உதிர ஆரம்பிச்சுடும்.

புகை வாய் வழியாவே திரும்பி வந்தா கூண்டு அடைச்சிருக்கு. அடுப்பு ஆறினப்புறம், கூண்டு அடியில இருக்கற கல்லை எடுத்து, படிஞ்சிருக்கற கரியையும் பறந்து வந்த சாம்பலையும் வாருங்க. இதை விட்டுட்டு மேல ரெண்டு அடி கூண்டை உசத்தறது வீண் செலவு.

கூண்டுல இழுப்பைக் கூட்டிக் குறைக்கற டேம்பர் தகடு இல்லைன்னா இந்த சீசன்லயே ஒண்ணு வெச்சுடுங்க. இந்த வீடியோவுல சொன்னதுல செலவுக்குத் தக்க பலன் இதுலதான் அதிகம்னு சொல்லுவோம். பத்தவெக்கறப்ப முழுசாத் திறந்திருக்கோணும். சுவர் சூடேறினதும் கொஞ்சம் கொஞ்சமா மூடிட்டு வாங்க. அடுப்பு வாயில புகை லேசா எட்டிப்பாக்கற இடம் ஒண்ணு வரும். அங்க இருந்து ரெண்டு விரல் அளவு திறந்து நிறுத்துங்க. முழுசா மூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு கொட்டாய்க்குள்ள தங்கினா ஆளையே சாய்ச்சுடும், அதுக்கு வாசனையும் கிடையாது.

[காட்சி: கவிழ்த்துப் போட்ட கொப்பரை. அடியில் கரி சுரண்டப்படுகிறது.]

இவ்வளவும் சரியா இருந்தும் ஏறலைன்னா கொப்பரையைக் கவுத்துங்க. அடியில நகத்தால கீறினா உதிர்ற அளவுக்குக் கரி இருந்தா, அது தீக்கும் இரும்புக்கும் நடுவுல போட்ட போர்வை. ஆறின கொப்பரையைக் கம்பிப் பிரஷ்ஷால தினம் ஒருக்கா தேச்சுடுங்க. உள்பக்கம் வெள்ளை வெள்ளையா ஒட்டியிருக்கறது சுண்ணாம்புப் படிவு. புளித்தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சாக் கிளம்பும், அப்புறம் ரெண்டு தண்ணி ஊத்திக் கழுவோணும். துத்தநாகம் பூசின தகரக் கொப்பரைக்கு மட்டும் புளி வேண்டாம், பூச்சு கரைஞ்சு பாகுல சேரும்.

[காட்சி: அடுப்புக்கும் கூண்டுக்கும் இடையில் இரண்டாவது கொப்பரை.]

புகையில்லாம சூடு மட்டும் ஓடற அடுப்புக்கு மருந்து, பின்னால ஒரு சின்னக் கொப்பரை. கூண்டுக்குப் போற வழியில அதைப் பதிச்சு, அடுத்த கொப்பரைக்கான பச்சைப் பாலை ஊத்தி வெச்சுடுங்க. வீணாப் போற புகைச்சூட்டுலயே பால் 70, 80 டிகிரிக்கு வந்துடும். முன் கொப்பரைக்கு மாத்தறப்ப மொத்த வேலையில பத்துல ஒரு பங்கு ஏற்கெனவே முடிஞ்சிருக்கும். ரொம்ப முன்கூட்டியே ஊத்தி வெச்சுப் புளிக்க விடாதீங்க. முன் கொப்பரை பாதி வத்தினப்ப ஊத்தினாச் சரியா இருக்கும்.

நாட்டுச்சர்க்கரைக்குப் பாகு 120 டிகிரியைத் தொடோணும், உருண்டை, அச்சு வெல்லத்துக்கு 116, 118 போதும். 110 தாண்டினதும் புதுச் சக்கை போடறதை நிறுத்திடுங்க. கிடக்கற கங்கும் சுவர்ச் சூடுமே மீதியைப் பாத்துக்கும். முன் கொப்பரையை இறக்கற நேரத்துல பின் கொப்பரை காலியா இருக்கக் கூடாது, பால் இல்லைன்னா பச்சைத் தண்ணியாவது நிறுத்தி வெச்சிருங்க. வெறுங்கொப்பரை மேல புகைச்சூடு பட்டா அடித்தகடு நெளிஞ்சுடும், வெல்டு விட்டுடும்.