சேறு எந்த வழியாகப் போகும்?

வணக்கம் நேயர்களே. மலைச் சைக்கிளின் பெடலைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பெடலைப் பற்றிப் பேச அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், மழை விட்ட மறுநாள் காலையில் ஒருமுறை கோலாலம்பூரின் புக்கிட் கியாரா மலையில் ஏறிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஏப்ரலிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும் மாலை நாலு மணிக்கு வானம் இருட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மழையில் ஊறிய செம்மண், பிசைந்து வைத்த மாவு மாதிரி சப்பாத்தின் அடியில் அப்பிக்கொள்ளும். வெயில் பட்டால் செங்கல்லாக இறுகிவிடும்.

நான் சொல்லப்போவது கிளிப்லெஸ் பெடல். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். சப்பாத்தின் அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இரும்புத் துண்டு திருகியிருக்கும். அதற்குப் பெயர் கிளீட். பெடலில் வில் வைத்த ஒரு வாய் இருக்கும். மிதித்தால் காரில் சீட் பெல்ட் விழுவது போல் 'டக்' என்று கிளீட் அதில் மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். கால் மாட்டிக்கொள்கிற பெடலுக்கு 'கிளிப் இல்லாதது' என்று ஏன் பெயர்? அந்தக் காலப் பந்தயக்காரர்கள் பாதத்தைக் கூண்டு மாதிரி ஒரு கிளிப்பில் நுழைத்து, தோல்வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கிளிப் போய்விட்டதால் இந்தப் பெயர். பனிச்சறுக்குக் காலணியைப் பூட்டுகிற முறையிலிருந்து லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984இல் இதைச் சாலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் ஹினோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். மலைச் சைக்கிளுக்கு ஷிமானோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் எஸ்பிடி பெடல் 1990இல் வந்தது. சிறிய கிளீட், இரண்டே திருகு, சப்பாத்தின் அடியில் உள்ளடங்கி இருக்கும். இறங்கி நடக்கலாம். நம் மலைகளில் பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதானே போகிறோம், நடக்க முடிவது பெரிய விஷயம்.

புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். நம் மக்கள் பால்மரம் சீவிய இடம். இன்றைக்கும் அந்தப் பாதைகளில் பழைய ரப்பர் மரங்கள் நிற்கின்றன. ஈரமான வேர்மேல் சக்கரம் ஏறும்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம்தான். அம்மா பால் வெட்டியது வேறு தோட்டத்தில். விடியற்காலை இருட்டில், இரண்டு பக்கமும் வாளி தொங்க, வெறுங்காலோடு சைக்கிள் மிதித்துப் போவார். மழைக்காலத்தில் மட்கார்டுக்குள் சேறு அடைத்துச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அம்மா இறங்கி, கீழே கிடக்கும் ஒரு குச்சியை எடுத்துக் குத்திக் குத்தி எடுப்பார். ஒருநாள் கோபம் வந்து மட்கார்டையே கழற்றி வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். நான் மறக்காத விஷயம் இதுதான்: அதே சைக்கிளின் பெடலில் ஒருநாளும் சேறு அடைத்ததில்லை. இரண்டு ரப்பர்க் கட்டை, நடுவில் வெறும் இடைவெளி. மேலே மிதிக்க மிதிக்க, சேறு அந்த இடைவெளி வழியாகக் கீழே விழுந்துவிடும்.

இருபது வருடம் கழித்து, விலை கூடிய ஒரு பெடலை வாங்கி மாட்டிக்கொண்டு மழைநாளில் மலையேறியபோதுதான் அந்த ரப்பர்க் கட்டையின் அருமை எனக்குப் புரிந்தது. பெடலின் உடம்பு முழுக்க மூடிய வார்ப்பு. வாய்க்குள் போன சேற்றுக்கு வெளியே போக வழியே இல்லை. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், 'டக்' சத்தம் வரவில்லை. அன்றிலிருந்து யார் என்னிடம் பெடல் பற்றிக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சேறு எந்த வழியாகப் போகும்? எடை எத்தனை கிராம், என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு. கடையில் பெடலைக் கையில் எடுத்ததும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வாயின் அடியில் வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் சேறும் அந்த வழியாகப் போகும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் கிராங்க்பிரதர்ஸ் நிறுவனத்தின் எக்பீட்டர் பெடல் முதலில் நிற்கும். பேருக்கு ஏற்ற மாதிரி, முட்டை அடிக்கும் கருவி போலத்தான் இருக்கும். நாலு பக்கமும் மாட்டலாம், மூடிய உடம்பு என்று ஒன்றே கிடையாது. ஆனால் அதன் கிளீட் பித்தளை, மெத்து உலோகம். கல்லில் நடந்தால் தேயும், அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். டைம் நிறுவனத்தின் ஏடிஏசியும் சேற்றைத் தள்ளிவிடும் வகைதான். ஷிமானோ சேற்றில் சில நேரம் இரண்டு மிதி கேட்கும், ஆனால் உள்ளே பேரிங் நீண்ட நாள் உழைக்கும், வில்லின் இறுக்கத்தையும் ஒரு சிறு திருகால் கூட்டிக் குறைக்கலாம். என் கணிப்பு இதுதான்: ஓட்டி வந்ததும் சைக்கிளைக் கழுவித் துடைத்துப் பார்க்கிறவர்கள் எக்பீட்டர் வாங்கலாம். வந்ததும் சுவரில் சாய்த்துவிட்டுப் பசியாறப் போகிறவர்கள், சுற்றிலும் கூண்டு மாதிரிச் சட்டம் இல்லாத சாதாரண ஷிமானோவை வாங்குங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் இறுக்கத்தை ஆகக் குறைவாக வைத்து, புல்தரையில் ஒருவாரம் மாட்டிக் கழற்றிப் பழக வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெடலை மட்டும் குறை சொல்லாதீர்கள். போன வருடம் ஒரு தம்பி மலையடிவாரத்தில் கண் கலங்குகிற அளவுக்கு நின்றுகொண்டிருந்தான். "அக்கா, புதுப் பெடல்க்கா. ஒரு சொட்டுச் சேறு இல்ல, அப்பவும் மாட்ட மாட்டேங்குது." சப்பாத்தைக் காட்டச் சொன்னேன். அடியில் உள்ள ரப்பர்ப் பல் ஒவ்வொன்றும் அவ்வளவு உயரம். பல் போய்ப் பெடலின் உடம்பில் முட்டிக்கொள்கிறது, கிளீட் வாய் வரைக்கும் போய்ச் சேரவில்லை. கத்தியால் இரண்டு பல்லை ஓரமாகச் சீவினோம், அம்மா பட்டை சீவுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. அடுத்த மிதியில் 'டக்'. ஆகவே பெடல் வாங்கப் போகும்போது உங்கள் சப்பாத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். மாட்டிய பிறகு சப்பாத்துக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு தாள் நுழைய வேண்டும். தாளே நுழையாத இடத்தில் சேறு எந்த வழியாகப் போகும்?

கிளீட்டின் திருகு பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது ஆபத்தான விஷயம். ஒருமுறை நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு திருகில் ஒன்று கழன்று எங்கேயோ விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் குதிகாலைத் திருப்புகிறேன், சப்பாத்து மட்டும் திரும்புகிறது. கிளீட் ஒற்றைத் திருகில் சுழன்றுகொண்டு பெடலுக்குள்ளேயே இருக்கிறது. கால் வரவில்லை. சைக்கிளோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தேன், முழங்கை வேரில் பட்டது. சப்பாத்துக்குள்ளிருந்து காலை உருவித்தான் வெளியே வந்தேன். அன்று அந்த இடம் சமதரை. இறக்கமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். இப்போது மாதத்துக்கு ஒருமுறை, திருகுத் தலையில் இறுகிய மண்ணை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்து, 4 மில்லிமீட்டர் ஆலன் கீயால், அதாவது ஆறுமுகத் திருகுச் சாவியால், இறுக்கிப் பார்க்கிறேன். மண்ணோடு கீயை நுழைத்தால் தலை மழுங்கிப்போகும், பிறகு கழற்றவே முடியாது. திருகை மாட்டும்போதே மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். பேரிங் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், முடிந்தவரை சொல்கிறேன். அழுத்தத் தண்ணீர்க் குழாயைப் பெடலுக்கு நேராகப் பிடிக்காதீர்கள், தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸ் போய்விடும். வாளித் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். வில்லில் கெட்டியான எண்ணெய் வேண்டாம், மண்ணை இழுத்து வைத்துக்கொள்ளும். கழற்றும்போது நினைவிருக்கட்டும், இடது பெடலின் மரை எதிர்த்திசை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். மலைமேல் வாய் அடைத்துப் போனால் குடிக்கிற போத்தலிலிருந்து ஒரு பீய்ச்சு பீய்ச்சுங்கள், ஆனால் இறங்கி வருவதற்கான தண்ணீரை மிச்சம் வையுங்கள். நன்றி நேயர்களே, வணக்கம்.