சட்டியில் இருந்தால்தானே
(காரைதீவில் மாலைக் கூட்டமொன்றில் பேசியது)

தலைவர் அவர்களே, வந்தாறுமூலையிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, ஆலய தருமகர்த்தாக்களே, பள்ளிவாசல் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய அதிபர் அம்மா அவர்களே, யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள், தலைவர் தந்த பட்டியல் இரண்டு பக்கம்.

பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஏன் கொப்பி அடிக்கிறார்கள், எப்படிக் குறைக்கலாம், பிடிபட்டால் என்ன தண்டனை என்று மூன்று விடயம் பேசச் சொன்னார்கள். சரி.

என் நண்பர் ஒருவர் விரிவுரையாளர். மட்டக்களப்பு வாவி மீனவர் பற்றி அசைன்மென்ட் கொடுத்தார். ஒரு பிள்ளை அழகாக பைண்ட் பண்ணிக் கொண்டுவந்தது. இரண்டாம் பக்கத்தில், "எமது மாநில முதலமைச்சர் மானியம் வழங்கினார்" என்று இருக்கிறது. இலங்கையில் நமக்கேது மாநிலம்? அடுத்தவன் கெட்டிக்காரன், மாநிலத்தை மாகாணம் ஆக்கிவிட்டான். ஆனால் மீனை ராமேஸ்வரத்தில் ஏலம் போட்டிருந்தான்! "என்ன மனே, கல்லடிப் பாலத்தடியில் பிடித்த மீனைக் கடல்தாண்டிக் கொண்டுபோனது ஆர்?" என்று கேட்டாராம். "போட்டோக்கொப்பிக் கடையில தந்தது சேர்." நண்பர் கடைக்கே போனார். கடைத் தம்பி கூசவேயில்லை. "நல்லா ஓடுற அசைன்மென்ட் சேர் இது. நீங்க வருசா வருசம் இதைத்தானே கேக்கிறீங்க?"

நண்பர் வாயடைத்துப்போனார். கேள்வியை மாற்றுங்கள் ஐயா, எழுதியதைப் பத்து நிமிடம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பாதி அங்கேயே அடங்கிவிடும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் 1990களில் ஆராய்ந்த டொனால்ட் மக்கேப், சக மாணவர் செய்கிறார்கள் என்ற எண்ணம்தான் பிள்ளைகளை வலுவாக இழுக்கிறது என்று கண்டார். இங்கிலாந்தில் காசுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பதை 2022இல் குற்றமாக்கினார்கள். நம்மூர்க் கடைத் தம்பியைப் பிடித்து உள்ளே போட்டால் மட்டும் தீர்ந்துவிடுமா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வாசித்த பிள்ளைக்குச் சொந்தமாக நாலு வரி வரும். வாசிக்காத பிள்ளை எங்கே போகும், கடைக்குத்தான்.

அப்புறம், வாசிக்க இடம் எங்கே? விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் இது. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறியவர். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை கம்பஸ் பஸ்ஸில் வந்து இறங்கும்போது நூலகம் பூட்டியிருக்கிறது. உள்ளே புத்தகம், வெளியே பிள்ளை. சட்டி காலியாக இருந்தால் அகப்பையைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

தலைவர் மணியடித்துவிட்டார், தண்டனையைப் பேராசிரியர்கள் பேசுவார்கள். கிராம நூலகங்களை இரவு ஒன்பது மணிவரை திறக்கக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள். பேனை நானே கொண்டுவந்திருக்கிறேன்.