திரைக்குப் பின்னால் ஒரு பாட்டி

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பழைய டிவி காமெடித் தொடரை மறுபடி எடுத்தால் ஜனங்களுக்கு ஏன் இத்தனை கோபம் வருகிறது என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. கொஞ்சம் வில்லங்கமான தலைப்பு, ஏனென்றால் நானும் கோபப்படுகிற கட்சிதான். ரீமேக் என்று காதில் விழுந்தாலே, "இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா" என்று ஆரம்பித்துவிடுவேன். ஆறு மாதம் கழித்து, வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு, யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து பார்ப்பேன்.

முதலில், கோபம் நியாயமாக இருந்த ஒரு கதையைச் சொல்கிறேன். 'ஃபால்டி டவர்ஸ்' பிபிசியில் 1975லும் 1979லும் வந்தது. மொத்தமே 12 பகுதிகள். கடலோர ஊரில் ஓர் ஓட்டல். அதன் முதலாளி பேசில் ஃபால்டிக்கு ஓட்டலில் தங்க வருகிறவர்களைக் கண்டாலே ஆகாது. ஓட்டல் நடத்துகிறவனுக்கு ஆள் வந்தால் எரிச்சல். வராவிட்டால் பிழைப்பு இல்லை. மொத்தச் சிரிப்பும் அந்த முடிச்சிலிருந்து வருகிறது. அமெரிக்கர்கள் உரிமை வாங்கி 1983இல் 'அமாண்டாஸ்' என்று எடுத்தார்கள். பேசிலாக நடித்த ஜான் கிளீஸ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். என்ன மாற்றம் செய்தீர்கள் என்று இவர் கேட்டாராம். பெரிதாக ஒன்றுமில்லை, பேசிலைத்தான் எடுத்துவிட்டோம் என்றார்களாம்! மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம். பேசில் செய்ததெல்லாம் பீ ஆர்தர் நடித்த பெண் முதலாளி கைக்குப் போயிற்று. அவர் அபாரமான நடிகை, அவர்மேல் குறையில்லை. ஆனாலும் தொடர் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை.

பார்த்தவர்கள் சொன்னது வழக்கமான வாக்கியம்தான்: "பழசு மாதிரி இல்லை." அவர்கள் சொன்னது சரி. சிக்கல் என்னவென்றால், இதே வாக்கியத்தை எல்லா ரீமேக்குக்கும் சொல்கிறோம். அதனால் எப்போது சரியாகச் சொல்கிறோம், எப்போது வெறும் பழக்கத்தில் சொல்கிறோம் என்று நமக்கே தெரியாமல் போய்விடுகிறது.

அப்படியானால் பழசு மாதிரியே எடுத்துவிட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். நார்மன் லியர் என்ற தயாரிப்பாளரைப் பற்றி இன்று கொஞ்சம் பேசியாக வேண்டும். 101 வயது வரை இருந்து 2023இல் காலமானார். 1971இல் அவர் தொடங்கிய 'ஆல் இன் த ஃபேமிலி' அமெரிக்கத் தொலைக்காட்சியையே புரட்டிப் போட்டது. கறுப்பர்கள், பெண்கள், சொந்த மருமகன் என்று எல்லோரையும் வாய்க்கு வந்தபடி பேசும் ஆர்ச்சி பங்க்கர்தான் அதன் நாயகன். இன்னொரு விஷயம், அதுவே ஒரு ரீமேக். மூலம் பிபிசியில் 1960களில் வந்த தொடர். இன்றைக்கு அமெரிக்காவில் யாரும் அதை ரீமேக் என்று நினைப்பதில்லை. ஆர்ச்சி உட்கார்ந்த நாற்காலியைக் கொண்டுபோய் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலேயே வைத்துவிட்டார்கள்.

2019 மே 22ஆம் தேதி ஏபிசி சேனலில் அந்த வீட்டை அப்படியே மறுபடி கட்டி, 1970களின் பழைய வசனப் பிரதியையே வைத்து, அரங்கில் ஆட்களை உட்கார வைத்து, நேரலையாக நடித்தார்கள். ஆர்ச்சியாக வூடி ஹாரல்சன். கூடவே லியருடைய 'த ஜெஃபர்சன்ஸ்' தொடரிலிருந்தும் ஒரு பகுதி. அதில் ஜேமி ஃபாக்ஸ். ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். விருதும் கிடைத்தது. ஆனால் மறுநாள் ஜனங்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் தெரியுமா? மூன்று விஷயங்கள். ஜேமி ஃபாக்ஸுக்கு நடுவில் வசனம் உளறிப்போயிற்று. இது நேரலை, வீட்டில் இருக்கிறவர்கள் டிவிதான் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள் என்று அங்கேயே ஜோக் அடித்தார். எதிரில் இருந்தவர்களாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது ஒன்று. அடுத்தது, 'த ஜெஃபர்சன்ஸ்' தொடரில் வேலைக்காரி ஃப்ளாரன்ஸாக அந்தக் காலத்தில் நடித்த மார்லா கிப்ஸ், 87 வயதில், முன்கூட்டி யாருக்கும் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். அரங்கம் அதிர்ந்தது. மூன்றாவது, 1970களில் வீட்டுக்கு வீடு தடையில்லாமல் ஒலித்த ஒரு இனவசைச் சொல் 2019இல் 'பீப்' சத்தமாக வந்தது.

நகல் எடுத்த இடம் ஒன்றுகூட இந்த மூன்றில் இல்லை. உளறல் புதுசு. மார்லா கிப்ஸ் அசல். 'பீப்' இன்றைய காலத்தின் குரல். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் எடுத்தார்களே, அதற்கு வந்தது மரியாதையான கைதட்டல்தான். பழசு மாதிரி வேண்டும் என்று கேட்கிற நாம், பழசு மாதிரியே கொடுத்தால் ஆல்பம் புரட்டுகிற மாதிரி ஒருதரம் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். பாட்டி எங்கே என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

லியரின் இன்னொரு தொடர் 'ஒன் டே அட் எ டைம்'. 1975 முதல் 1984 வரை, 9 சீசன் ஓடியது. இண்டியானாபொலிஸ் நகரம், விவாகரத்தான ஆன் ரொமானோ, வயசுக்கு வந்த இரண்டு பெண்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் அன்றைக்கு டிவியில் விவாகரத்தான பெண் நாயகியாக வருவதே பெரிய விஷயம். வீட்டைப் பழுதுபார்க்கும் ஷ்னைடர் இடுப்பில் கருவிப் பட்டையும் மெல்லிய மீசையுமாக, கதவைத் தட்டாமல் உள்ளே வந்துகொண்டே இருப்பார்.

2017 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் இதே பெயரில் புதுத் தொடர் வந்தது. லியருக்கு அப்போது 94 வயது. அவரும் தயாரிப்பில் இருந்தார். வீடு லாஸ் ஏஞ்சலஸில் எக்கோ பார்க்குக்கு மாறியது. குடும்பம் கியூபாவிலிருந்து வந்த குடும்பம். அம்மா பெனலபி முன்னாள் ராணுவ நர்ஸ். அவளுக்கு ஒரு பெண், ஒரு பையன். கூடவே அவளுடைய அம்மா லிடியா, பழைய தொடரில் இந்த வீட்டில் இல்லாத ஆள். நடித்தவர் ரீட்டா மொரேனோ, அப்போது 85 வயது.

லிடியாவுக்குத் தனி அறை கிடையாது. ஹாலின் ஒரு ஓரத்தில் கட்டில், அதற்கு முன்னால் ஒரு திரைச்சீலை. காலையில் திரையை இரண்டு பக்கமும் சர்ரென்று விலக்கிக்கொண்டு, முழு ஒப்பனையோடு, நாடக மேடைக்கு வருகிற ராணி மாதிரி வெளியே வருவாள். ஒப்பனை இல்லாமல் பெற்ற மகளுக்குக்கூட முகம் காட்டமாட்டாள். ஹாலில் துணி கட்டிப் பாட்டிக்கு இடம் ஒதுக்கிய வீடுகளை நாம் பார்த்ததில்லையா? எனக்கு அந்தத் திரை விலகினதும் கோபம் போய்விட்டது.

பார்த்தவர்கள் பொருமிய விஷயங்கள் உண்டு. எதற்கு கியூபாக்காரர்களாக்க வேண்டும் என்றார்கள். பின்னணிச் சிரிப்பு இந்தக் காலத்திலும் வேண்டுமா என்றார்கள். அது டப்பாவிலிருந்து போட்ட சிரிப்பில்லை, எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பு. ஷ்னைடரை ஏன் பணக்காரனாக்கினீர்கள் என்பது இன்னொரு குறை. புது ஷ்னைடர் கட்டடத்துக்குச் சொந்தக்காரன், குடியை விட்டவன், அப்பன் சொத்தில் வாழ்கிறவன். எனக்கு இதுதான் தொடரின் புத்திசாலித்தனமான மாற்றமாகப் படுகிறது. 1975இல் தட்டாமல் வீட்டுக்குள் வரும் உரிமை ரிப்பேர்காரருக்கு. வாடகை ஏறி ஏறிப் பழைய குடிகள் வெளியேறுகிற எக்கோ பார்க்கில் அந்த உரிமை யாருக்கு? வீட்டுக்காரனுக்குத்தான்.

பேசிலை எடுத்த தவறை இவர்கள் செய்யவில்லை. தனியாளாகப் பிள்ளைகளை வளர்க்கிற பெண்ணுக்கு வெளியே சொல்ல முடியாத பாரம் ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் முடிச்சு. 2017இல் விவாகரத்தைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதனால் போருக்குப் போய் வந்தவளின் மனச்சோர்வையும், அதற்கான மாத்திரையை அம்மாவிடம் சொல்லத் தயங்குவதையும் எடுத்துக்கொண்டார்கள். முகம் மாறியது, பாரம் இருக்கிறது. போரிலிருந்து திரும்பிய பெண்கள் கூடிப் பேசும் குழுவை நடத்துகிறவராக வருவது யார் தெரியுமா? பழைய தொடரில் மூத்த மகளாக நடித்த மெக்கன்சி ஃபிலிப்ஸ்.

முதல் சீசனின் கடைசிப் பகுதியில் மகள் எலேனாவுக்கு 15 வயது நிறைவு விழா. நம் மஞ்சள் நீராட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலேனா தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அப்பாவால் ஏற்க முடியவில்லை. கவுனில் அவள் தானாக இல்லை என்று கண்டுபிடித்தது பழமையில் ஊறிய பாட்டிதான். ராவோடு ராவாகத் தைத்து அவளுக்கு வெள்ளை பேண்ட் சூட் கொடுக்கிறாள். விழாவில் அப்பாவும் மகளும் ஆடும் நேரம் வருகிறது. அப்பா இல்லை, கிளம்பிப் போய்விட்டார். வெள்ளை உடுப்பில் அந்தப் பெண் தனியாக நடுவில் நிற்கிறாள். அம்மா எழுந்து வருகிறாள். பிறகு தம்பி, பாட்டி, ஷ்னைடர். சிரிப்புத் தொடர்தான், அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மூன்று சீசன் முடிந்ததும், பார்க்கிற ஆள் போதவில்லை என்று 2019 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் நிறுத்தியது. அப்போது நடந்ததுதான் வேடிக்கை. எதற்கு இந்த ரீமேக் என்று ஒரு காலத்தில் கேட்ட அதே ஜனங்கள், நிறுத்தாதே என்று சமூக வலைத்தளங்களில் மூன்று மாதம் விடாமல் கத்தினார்கள். ஜூனில் பாப் டிவி என்ற கேபிள் சேனல் எடுத்துக்கொண்டது. நெட்ஃபிளிக்ஸ் கைவிட்ட தொடர் ஒன்று கேபிளில் உயிர் பிழைத்தது அதுதான் முதல் முறை. நான்காம் சீசன் 2020 மார்ச்சில் வந்தது, கொரோனாவும் கூடவே வந்தது. படப்பிடிப்பு நின்றது. ஒரு பகுதியைக் கார்ட்டூனாக வரைந்து ஒளிபரப்பினார்கள். அந்த வருஷ முடிவுக்குள் தொடருக்கும் மூடுவிழா.

இன்னும் முப்பது வருஷத்தில் இதை யாராவது மறுபடி எடுப்பார்கள். அன்றைக்கு முதலில் சண்டைக்கு வரப்போவது 2019இல் கத்தினவர்கள்தான். ரீட்டா மொரேனோ விலக்காத திரைச்சீலை ஒரு திரைச்சீலையா என்று கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நிற்பேன்.