போட்ஸ்வானாவின் இளையோர்: ஓடுகளத்திலும் அமைச்சரவையிலும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

2024 ஆகஸ்ட் 8 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆடவர் 200 மீட்டர் இறுதி ஓட்டத்தில், ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள போட்ஸ்வானாவைச் சேர்ந்த இருபத்தொரு வயது லெட்சிலே டெபோகோ, அமெரிக்காவின் கென்னத் பெட்னரெக்கையும் நோவா லைல்ஸையும் பின்னுக்குத் தள்ளி, 19.46 விநாடிகளில் முதலாவதாக வந்தார். ஓடி முடித்தவர் தம் காலணி ஒன்றைக் கழற்றிக் கேமராவுக்கு நேராக உயர்த்திக் காட்டினார். அந்த ஆண்டு மே மாதம் காலமான தம் தாயாரின் பிறந்த தேதியை அவர் அதில் எழுதி வைத்திருந்தார். அதுவரை எந்த ஒலிம்பிக்கிலும் தங்கம் வெல்லாத, ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம் மக்களே வாழும் அந்த நாட்டில், மறுநாள் பிற்பகல் அரசு விடுமுறை விடப்பட்டது.

இந்த வெற்றியைத் திடீரென வாய்த்த அதிசயமாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2011இல் தென்கொரியாவின் டேகு நகரில் அமான்ட்லே மொன்ஷோ 400 மீட்டரில் உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டே லண்டனில், பதினெட்டு வயது நிஜெல் அமோஸ் 800 மீட்டரில் வெள்ளி வென்று, நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டு வந்தார். அப்போது டெபோகோ ஒன்பது வயதுச் சிறுவன். பத்தாண்டுகள் கழித்து, 2022இல், கொலம்பியாவின் காலி நகரில் இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில் அவர் 100 மீட்டரை 9.91 விநாடிகளில் ஓடினார். அமோஸும் மொன்ஷோவும் பின்னாளில் ஊக்கமருந்து விதிகளின்கீழ்த் தடை செய்யப்பட்டதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறு வயதிலேயே புகழும் பணமும் வந்து சேரும் ஒரு பிள்ளையின் அருகில் நல்ல பயிற்சியாளரும் மருத்துவரும் பொறுப்பான சங்கமும் இருக்கிறார்களா என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

2025 செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியில், கொட்டும் மழையில் நடந்த 4x400 மீட்டர் தொடரோட்டத்தில், டெபோகோ உள்ளிட்ட போட்ஸ்வானா அணி அமெரிக்காவை 0.07 விநாடி வித்தியாசத்தில் வென்றது. கடைசிச் சுற்றை ஓடியவர் இருபத்தொரு வயது பூசாங் கொலன் கெபினாட்ஷிபி; சில நாட்களுக்கு முன்புதான் அவர் 400 மீட்டரில் தனியாகவும் தங்கம் வென்றிருந்தார். ஆடவர் 4x400 மீட்டரில் உலகப் பட்டம் வென்ற முதல் ஆப்பிரிக்க நாடு போட்ஸ்வானா.

ஓடுகளத்தில் தீர்ப்புச் சொல்வது கடிகாரம். அதற்கு ஓடுபவரின் வயதோ குடும்பப் பெயரோ பொருட்டில்லை. பொதுவாழ்வில் இளையோருக்கு அத்தகைய நடுநிலையான வாசல் திறப்பது அரிது. 1966இல் விடுதலை பெற்றதிலிருந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே கட்சியே ஆண்ட போட்ஸ்வானாவில், 2024 அக்டோபர் தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது. புதிய குடியரசுத் தலைவர் டூமா போகோ, வழக்கறிஞரும் முன்னாள் நாட்டழகியுமான இருபத்தாறு வயது லெசெகோ சோம்போவை இளைஞர் நலன் மற்றும் பாலின விவகாரத் துறை அமைச்சராக்கினார். 2018இலேயே, முப்பத்தொரு வயதில், வணிகத் துறை அமைச்சரான பொகோலோ கெனெவெண்டோவிடம் இந்தப் புதிய ஆட்சியில் கனிமவளத் துறை ஒப்படைக்கப்பட்டது. ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதியை வைரமே ஈட்டித் தரும் நாட்டில், அதுவும் வைரத்தின் விலை சரிந்துவரும் காலத்தில், இது மிகக் கனமான பொறுப்பு. இவ்விருவரையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும், ஒரு தலைவர் விரும்பி அளித்த பதவியை இன்னொரு தலைவர் எளிதாகத் திரும்பப் பெற்றுவிட முடியும். மக்களிடம் வாக்குக் கேட்டு வென்று வரும் இளையோருக்குத்தான் உறுதியான பிடிமானம் கிடைக்கும்.

அந்த வழியைத் திறக்கக் கோரி நைஜீரிய இளைஞர்கள் நடத்திய இயக்கத்தின் பயனாக, 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் குறைந்தபட்ச வயது நாற்பதிலிருந்து முப்பத்தைந்தாகவும், மக்களவைக்கு முப்பதிலிருந்து இருபத்தைந்தாகவும் குறைந்தது. இளைஞர்கள் தாமே போராடிப் பெற்றது என்பதால் அதன் மதிப்பு பெரிது. ஆனால் 2023 தேர்தலுக்காக ஆளுங்கட்சி, குடியரசுத் தலைவர் வேட்பாளராக விரும்புவோர் வாங்க வேண்டிய விண்ணப்பப் படிவங்களுக்கு 10 கோடி நைரா கட்டணம் விதித்தது. இளையோருக்கு அதில் சலுகை தரப்பட்டபோதும், மாதச் சம்பளத்தை நம்பி வாழும் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் திரட்டக்கூடிய தொகையாக அது இருக்கவில்லை.

வணக்கம்.