நர்சிங் படிப்பு: சம்பளம் ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் நர்சிங் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2024 மே மாதக் கணக்குப்படி, அந்நாட்டில் ஓர் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற செவிலியரின் ஆண்டுச் சம்பளம் 93,600 டாலர். தொழிலாளர் புள்ளிவிவரத் துறை சொல்லும் எண் இது. பாதிப் பேர் இதற்கு மேல் வாங்குகிறார்கள், பாதிப் பேர் இதற்குக் கீழ். இதைக் கேட்டதும் வீட்டில் என்ன பேச்சு வருகிறது? "இவ்வளவு சம்பளம் வரும்போது கடனுக்கு என்ன பயம்? அடைத்துவிடலாம்." பல குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். இருபது வருடம் வார்டில் நின்றவரும் கலிபோர்னியாவில் வேலை பார்ப்பவரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். உங்கள் மகள் முதல் வருடம் வாங்கப்போவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சரி, கல்லூரி வாரியாகப் பார்க்கலாமே என்றால், கல்லூரிகளின் கடன், சம்பளக் கணக்கைக் காட்ட மத்திய கல்வித் துறை நடத்தும் காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற இணையதளம் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த எண்கள் யாரைக் கணக்கில் எடுக்கின்றன என்று தெரியாமல் படித்தால் தப்பான முடிவுக்குத்தான் போவோம்.

முதலில் கடன். அங்கே காட்டும் கடன், படிப்பை முடித்த மாணவர் தன் பெயரில் வாங்கிய அரசுக் கடன் மட்டும். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு அரசு தரும் கடனுக்கு உச்சவரம்பு உண்டு: முதல் வருடம் 5,500, அடுத்து 6,500, கடைசி இரண்டு வருடம் தலா 7,500. நான்கு வருடத்துக்கு 27,000 டாலர். கூடுதல் காலம் படித்தாலும் 31,000ஐத் தாண்டாது. ஆகவே வருடத்துக்கு 60,000 டாலர் கட்டணம் கேட்கும் கல்லூரியும், அதில் கால்வாசி கேட்கும் கல்லூரியும் அந்தப் பக்கத்தில் ஏறத்தாழ ஒரே கடனைக் காட்டலாம். மீதிப் பணம் தனியார் வங்கிக் கடனாகவோ, பெற்றோர் பெயரில் அரசு தரும் பேரண்ட் பிளஸ் கடனாகவோ வேறெங்கோ நிற்கிறது. தனியார் கடன் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அப்புறம் சம்பளம். நர்சிங்குக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. இரண்டு வருட அசோசியேட் பட்டத்தோடு ஆர்.என். ஆகி, பல வருடம் வேலை பார்த்த ஒருவர், வேலையை விடாமலே ஆன்லைனில் பி.எஸ்.என். என்ற இளநிலை நர்சிங் பட்டத்தை முடிக்கிறார். அவரும் அந்தக் கல்லூரியின் நர்சிங் பட்டதாரிதான். அவருடைய அனுபவச் சம்பளமும் "படித்து முடித்தவர்களின் சம்பளம்" என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இப்படிப்பட்டவர்கள் நிறையப் படிக்கும் கல்லூரியில் சம்பளம் உயரமாகத் தெரியும், கடன் குறைவாகத் தெரியும். பள்ளி முடித்துவிட்டு நேராகச் சேரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த இரண்டு எண்ணாலும் பயனில்லை. எனவே "இதில் எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தவர்கள், எத்தனை பேர் ஏற்கெனவே ஆர்.என்.?" என்று கல்லூரியிடம் கேளுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல வந்த விஷயம். பெரும்பாலான மருத்துவமனைகளின் சம்பள அட்டவணை, லைசென்ஸ், அனுபவ ஆண்டுகள், வேலை பார்க்கும் பிரிவு, இரவு ஷிப்ட் ஆகியவற்றை வைத்துத்தான் ஓடுகிறது. கல்லூரிப் பெயருக்கு அதில் இடமில்லை. அசோசியேட் பட்டக்காரரும் பி.எஸ்.என். படித்தவரும் லைசென்ஸுக்காக எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வு, வாங்குவது ஒரே லைசென்ஸ். சில இடங்களில் பி.எஸ்.என்.னுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தருவார்கள், அவ்வளவுதான். அதாவது, சம்பளம் ஊரைப் பொறுத்து மாறும், கடன் நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்து மாறும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். ஆறு சதவீத வட்டியில் 27,000 டாலரைப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் 300 டாலர். எட்டு சதவீதத்தில் ஒரு லட்சம் டாலர் என்றால் மாதம் 1,200க்கு மேல். இரண்டு பேரும் ஒரே வார்டில், ஒரே சம்பளத்தில் நிற்கிறார்கள். வரி போக 4,500 டாலர் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருத்திக்கு 4,200 மிச்சம், இன்னொருத்திக்கு 3,300. இவளால் வாடகை கட்டிவிட்டு ஒரு மாதம் ஓய்வெடுக்க முடியாது, பிடிக்காத மேலாளரை விட்டு வேறு மருத்துவமனைக்குப் போகவும் முடியாது. நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு போகும் வேலை இது. இதில் ஓய்வெடுக்க முடியாமல் போவது சின்ன விஷயமில்லை.

வசதி குறைந்த குடும்பங்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி: கம்யூனிட்டி கல்லூரி என்ற இரண்டு வருடக் கல்லூரியில் அசோசியேட் பட்டம், லைசென்ஸ், வேலை, அதன் பிறகு மருத்துவமனை தரும் கல்வி உதவியோடு பி.எஸ்.என். சில பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என். இல்லாதவர்களை எடுப்பதில்லை என்பது உண்மை. நியூயார்க் மாநிலம் 2017இல் போட்ட சட்டம்கூட, லைசென்ஸ் வாங்கிப் பத்து வருடத்துக்குள் இளநிலைப் பட்டம் முடிக்கச் சொல்கிறது. பத்து வருடம் அவகாசம் இருக்கிறதே!

கடன் மட்டும் மிஞ்சி லைசென்ஸ் கிடைக்காதவர்களையும் நினைத்துப் பாருங்கள். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். பாதியில் நின்றவர்களின் கடனும் வருமானமும் பட்டதாரிக் கணக்கில் வராது. தேர்ச்சி விகிதத்தை உயர்த்திக் காட்ட, தேறமாட்டார்கள் என்று தோன்றும் மாணவர்களைக் கடைசிக் கட்டத்தில் நிறுத்திவைக்கும் கல்லூரிகளும் உண்டு. அதனால் முதல் தடவையில் என்கிளெக்ஸ் தேறியவர்களின் சதவீதத்தோடு நின்றுவிடாமல், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல மழுப்பினால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. அரசு மருத்துவமனையிலோ லாப நோக்கமற்ற மருத்துவமனையிலோ முழுநேர வேலை பார்த்து, விதிப்படி 120 தவணை கட்டினால் மீதி அரசுக் கடன் தள்ளுபடியாகும் திட்டம் 2007 முதல் இருக்கிறது. செவிலியர்களுக்கு நன்றாகப் பொருந்தும் திட்டம். ஆனால் தனியார் கடனுக்கு அது கிடையாது. பேரண்ட் பிளஸ் கடன் உங்கள் பெயரில் இருப்பதால், உங்கள் மகளுடைய வேலை அதற்குக் கணக்கில் வராது. அவள் அரசு மருத்துவமனையில் பத்து வருடம் உழைத்தாலும் அந்தக் கடனில் ஒரு டாலர்கூடக் குறையாது. 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்கு இந்தக் கடன் ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. அந்த 65,000ஐ அடைக்கும் வயதில் உங்களுக்கு எத்தனை வருட வேலை மிச்சமிருக்கும் என்று, பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.